கடலில் போனவர்களுக்கும் ஒரு திருப்பலி



இன்று முதல் வாசகமாக நாம் கேட்டது மக்கபேயர் இரண்டாம் நூல், 12ஆம் அதிகாரத்தின் கடைசிச் சில வசனங்கள். நவம்பர் மாதம் வந்தால் நம் ஆலயங்களில் அடிக்கடி வாசிக்கப்படும் பகுதி இது. போரில் மாண்ட தன் வீரர்களுக்காக யூதா மக்கபே ஆள்தோறும் காணிக்கை திரட்டுகிறார். 2,000 திராக்மா வெள்ளி சேருகிறது. அதை எருசலேமுக்கு அனுப்பி, அவர்களுடைய பாவம் போக்கும் பலி ஒப்புக்கொடுக்கச் செய்கிறார். இறந்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று அவர் நம்பியிராவிட்டால் இத்தனை பாடும் வீண் என்கிறார் நூலாசிரியர். இறந்தோருக்குப் பூசை வைப்பதற்கு வேதத்தில் எங்கே ஆதாரம் என்று கேட்பவர்களுக்கு நம் முன்னோர் காட்டிய இடம் இதுதான்.

இந்த அதிகாரத்தின் கடைசிப் பகுதியை மட்டுமே நாம் ஆலயத்தில் கேட்கிறோம். இன்று வீட்டுக்குப் போனதும் வேதாகமத்தை எடுத்து முதல் வசனத்திலிருந்து படியுங்கள். தொடக்கமே கடலில்தான். யோப்பா என்ற துறைமுக ஊர். அங்கே அயலாருடன் கலந்து வாழ்ந்த யூதக் குடும்பங்களை, மனைவி மக்களோடு படகில் ஏறி வாருங்கள் என்று ஊர்க்காரர்கள் அழைக்கிறார்கள். பகை எதுவும் தெரியாததால் அவர்களும் ஏறுகிறார்கள். நடுக்கடலுக்குக் கொண்டுபோய் அத்தனை பேரையும் மூழ்கடித்துவிடுகிறார்கள். 200 பேருக்குக் குறையவில்லை என்று எழுதியிருக்கிறது. சேதி கேட்ட யூதா கொதித்துப் போகிறார். இரவோடு இரவாக வந்து துறைமுகத்துக்குத் தீ வைக்கிறார், படகுகளைக் கொளுத்துகிறார், ஓடி ஒளிந்தவர்களையும் கொல்கிறார். பக்கத்துத் துறைமுகமான யாம்னியாவில் இருப்பவர்களும் அப்படியே செய்ய எண்ணியிருக்கிறார்கள் என்று அறிந்து, அங்கும் இரவில் பாய்ந்து துறைமுகத்தையும் கப்பல்களையும் எரிக்கிறார். அந்த நெருப்பின் வெளிச்சம் எருசலேம் வரை தெரிந்ததாம்.

இறந்தோருக்காக மன்றாட நமக்குக் கற்றுக்கொடுத்த அதிகாரம், கடலில் மூழ்கியவர்களையும் துறைமுகத்தில் எரிந்தவர்களையும் முன்னால் வைத்துக்கொண்டுதான் அதைக் கற்றுக்கொடுக்கிறது. இதைப் பல முறை படித்தும் நான் கடந்துபோயிருக்கிறேன். இந்தத் திருப்பலியின் கருத்து என் கைக்கு வந்தபோதுதான் நின்று படித்தேன்.

அந்தக் கருத்தை உங்களுக்கும் சொல்ல வேண்டும். நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், 1971 போர்க்காலத்தில் கடற்படையில் இருந்தவர், போன ஆண்டு இறந்தார். நம் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தோம். அவருடைய பேத்தி இந்தப் பூசையைக் கேட்டு எழுதிக் கொடுத்த சீட்டில் இரண்டு வரி இருந்தது. தாத்தாவுக்காக என்று ஒரு வரி. அவருடன் சேர்ந்து பயிற்சி பெற்று, கடலிலேயே போய்விட்டவர்களுக்காக என்று இன்னொரு வரி. குடும்பத்தாரிடம் பேசியபோது ஒன்று தெரிந்தது. பெரியவர் இருந்தவரை ஒவ்வொரு டிசம்பரிலும் ஒன்பதாம் தேதிக்குப் பூசை கேட்டிருக்கிறார். யார் பெயருக்கு என்று முன்பிருந்த பங்குத்தந்தை கேட்டதற்கு, “பேரெல்லாம் ஆண்டவருக்குத் தெரியும் சாமி” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் 9 என்ன நாள்? இங்கிருக்கும் இளையவர்கள் பலருக்குத் தெரியாது. பெரியவர்களிலும் சிலர் மறந்திருப்பீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1971ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி, நாம் புனித பிரான்சிஸ் சவேரியார் திருநாள் கொண்டாடும் நாள், மாலையில் பாகிஸ்தான் விமானங்கள் நம் விமான தளங்களைத் தாக்கின. போர் தொடங்கியது. கடல் கடந்தே ஊழியம் செய்து, 1552இல் சீனத்துக் கரையைப் பார்த்தபடி ஒரு தீவில் உயிர்விட்ட புனிதரின் நாள் அது. அன்று நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காஜி என்ற நீர்மூழ்கிக் கப்பல் தன் ஆட்கள் அத்தனை பேரோடும் மூழ்கியது. நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வந்த கப்பல் அது. விக்ராந்தோ சென்னையிலிருந்து அந்தமான் பக்கம் போய்விட்டிருந்தது. காஜி எப்படி மூழ்கியது என்பதில் இரு நாடுகளும் இரு விதமாகச் சொல்கின்றன. உள்ளே இருந்த 90க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்பதில் இருவரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள்.

மறுநாள் இரவு, டிசம்பர் 4, நம் ஏவுகணைப் படகுகள் கராச்சியை நெருங்கித் தாக்கின. கைபர், முஹாஃபிஸ் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்கின. அந்த வெற்றியை நினைத்துத்தான் ஆண்டுதோறும் டிசம்பர் 4 கடற்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. டிசம்பர் 8, அமல உற்பவ மாதாவின் திருநாள். அன்று இரவு மறுபடியும் தாக்குதல். கராச்சித் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் பற்றி எரிந்தன. யாம்னியாவின் நெருப்பு எருசலேம் வரை தெரிந்தது என்று படிக்கும்போது எனக்கு இந்த நெருப்பு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அதற்கு அடுத்த இரவு, டிசம்பர் 9. நம் போர்க்கப்பல் குக்ரி, உடன்கப்பல் கிர்பானோடு டையூவுக்கு அப்பால் ஒரு பாகிஸ்தான் நீர்மூழ்கியைத் தேடிக்கொண்டிருந்தது. தேடப்பட்ட அந்த நீர்மூழ்கியின் பெயர் ஹங்கோர். மணி இரவு எட்டே முக்கால் தாண்டியிருந்தது. கப்பலில் ஆகாசவாணிச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஹங்கோர் ஏவிய டார்பிடோ குக்ரியின் அடிவயிற்றில் வெடித்தது. விளக்குகள் அணைந்தன. சில நிமிடங்களில் கப்பல் கடலுக்குள் போய்விட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும், ஆக 194 பேர், அதோடு போனார்கள். பிழைத்தவர்கள் 67 பேர். இரவு முழுவதும் கடலில் மிதந்து, மறுநாள் பகலில்தான் கச்சால் என்ற நம் கப்பல் வந்து அவர்களைத் தூக்கியது. சுதந்திர இந்தியா போரில் இழந்த ஒரே போர்க்கப்பல் குக்ரிதான்.

கப்பலின் தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா. கப்பல் சாய்ந்துகொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில் அவர் செய்ததைத் தப்பியவர்கள் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார்கள். கடலில் குதிக்கத் தயங்கியவர்களைப் பிடித்துத் தள்ளி அனுப்பினார். தன் உயிர்காப்பு அங்கியைக் கழற்றிக் கீழ்நிலை மாலுமி ஒருவருக்குக் கொடுத்தார். கீழ்த்தளங்களில் தன் ஆட்கள் சிக்கியிருக்கும்போது தான் வெளியேறுவதில்லை என்று கப்பலிலேயே இருந்துவிட்டார். மகாவீர் சக்ரா விருது அவர் இறந்த பிறகு வந்தது. டையூவில் கடலைப் பார்த்த ஒரு மேட்டில், கண்ணாடிக்குள் குக்ரியின் சிறு உருவத்தை வைத்து நினைவிடம் கட்டியிருக்கிறார்கள்.

அவர் நம் மதத்தவர் அல்லர். அதனால் என்ன? நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு இல்லை என்று நம் ஆண்டவர் இரா உணவின்போது சொன்னதற்கு அந்த மனிதர் அறியாமலேயே கீழ்ப்படிந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைத் தெளிவாகவே போதித்திருக்கிறது. கிறிஸ்து எல்லோருக்காகவும் இறந்தார். ஆகவே கடவுளுக்கு மட்டுமே தெரிந்த முறையில், அவருடைய பாஸ்கா மறைபொருளில் பங்குபெறும் வாய்ப்பைத் தூய ஆவியார் எல்லோருக்கும் அளிக்கிறார். நற்கருணை மன்றாட்டில், கிறிஸ்துவில் நம்பிக்கையோடு துயில்கொண்டவர்களோடு குருவானவர் நிறுத்திக்கொள்வதில்லை. இறைவனின் இரக்கத்தில் இறந்த எல்லோரையும் சேர்த்தே மன்றாடுகிறார். எவருடைய நம்பிக்கையைக் கடவுள் ஒருவரே அறிவாரோ அவர்களுக்காகவும் திருச்சபை வேண்டுகிறது. “பேரெல்லாம் ஆண்டவருக்குத் தெரியும்” என்று நம் பெரியவர் சொன்னது இந்த விசுவாசம்தான். அவர் இறையியல் படித்தவர் அல்லர். வாழைக்கும் கோரைக்கும் தண்ணீர் பாய்ச்சிய குடும்பத்தில் பிறந்து, காவிரியைத் தவிர வேறு பெரிய தண்ணீர் பார்த்திராத வயதில் கடற்படைக்குப் போனவர்.

பயிற்சிக் காலத்தில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்த கூட்டாளி குக்ரியில் இருந்தார் என்று வீட்டார் சொல்கிறார்கள். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கூட்டாளி எந்த ஊர், என்ன மொழி, யாருடைய மகன் என்பதெல்லாம் பெரியவரோடு போய்விட்டது.

இங்கே சற்று நின்று யோசிப்போம். இந்த மாதம் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, நாம் எல்லோரும் கல்லறைக்குப் போனோம். முள்ளும் புல்லும் செதுக்கினோம், சுண்ணாம்பு அடித்தோம், மாலை போட்டோம், மெழுகுதிரி ஏற்றினோம். தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்தோம். துக்கத்துக்கு ஓர் இடம் தேவைப்படுகிறது. கை வைத்து அழ ஒரு கல் வேண்டும். யூதா மக்கபேயும் முதலில் அதைத்தான் செய்யப் போனார்: விழுந்த வீரர்களின் உடல்களை எடுத்து, அவரவர் மூதாதையர் கல்லறையில் உறவினரோடு சேர்த்து அடக்கம் செய்யப் போனார். ஆனால் யோப்பாவில் மூழ்கிய அந்த 200 பேரை யார் எடுத்து அடக்கினார்கள்? நூல் சொல்லவில்லை. குக்ரியில் போன 194 பேருடைய தாய்மார்கள் நவம்பர் இரண்டாம் தேதி எங்கே போய் மெழுகுதிரி ஏற்றுவார்கள்? இந்து வீட்டுத் தாய் எந்தச் சாம்பலை ஆற்றில் கரைப்பாள்? நம் பக்கத்தில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் ஆடி அமாவாசைக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். எள்ளும் தண்ணீரும் விட்டு முன்னோரை நினைக்கிறார்கள். அந்தக் காவிரி நம் தொட்டியத்தைத் தாண்டித்தான் முக்கொம்புக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போகிறது. இறந்தவர்களை மறக்கக் கூடாது என்ற உணர்வு நம் மண்ணில் எல்லோருக்கும் பொது. அதை மதிக்க வேண்டும். கல்லறை இல்லாதவர்களுக்கு நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் இன்று நம் முன்னால் இருக்கும் கேள்வி.

இதற்கு நற்செய்தி பதில் வைத்திருக்கிறது. இன்று வாசித்தது யோவான் 6ஆம் அதிகாரம். தந்தை தம்மிடம் ஒப்படைத்தவர்களில் எவரையும் தாம் இழந்துவிடாமல், கடைசி நாளில் உயிர்த்தெழச் செய்வதே தந்தையின் திருவுளம் என்கிறார் இயேசு. எவரையும் இழக்கக் கூடாது என்ற இந்தச் சொல் அந்த அதிகாரத்தில் திடீரென்று வரவில்லை. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் ஐயாயிரம் பேர் அப்பம் உண்ட பிறகு, எதுவும் வீணாகிவிடாதபடி மீந்த துண்டுகளைச் சேர்த்தெடுங்கள் என்று சீடர்களுக்குச் சொல்கிறார். பன்னிரண்டு கூடை சேர்ந்தது. அன்று இரவே சீடர்கள் கடலில் இருக்கிறார்கள். இருட்டு, பெருங்காற்று. அவர்களை நோக்கி இயேசு கடல்மேல் நடந்து வருகிறார். அதற்கு மறுநாள்தான் கப்பர்நாகும் தொழுகைக்கூடத்தில் எவரையும் இழக்கமாட்டேன் என்று சொல்கிறார். துண்டு அப்பத்தையே சேர்த்தெடுக்கச் சொன்னவர், இருட்டில் கடலுக்குள் வந்து தம் ஆட்களைத் தேடியவர், டையூவுக்கு அப்பால் கடலடியில் கிடப்பவர்களை எண்ணாமல் விடுவாரா?

திருவெளிப்பாட்டு நூலைப் பாருங்கள். கடைசித் தீர்ப்பு நாளில் கடல் தன்னிடமிருந்த இறந்தோரை ஒப்படைக்கிறது என்று 20ஆம் அதிகாரம் சொல்கிறது. சாவுக்கும் பாதாளத்துக்கும் முன்னால் கடலின் பெயர்தான் அங்கே வருகிறது. நிலத்தில் அடக்கம் பெறாதவர்களைப் பற்றி ஆதித் திருச்சபைக்கே இந்தக் கவலை இருந்திருக்கிறது. அதற்குக் கிடைத்த வாக்குறுதி இது. கடலுக்கும் ஒரு நாள் கணக்குக் கேட்கப்படும்.

பிரியமானவர்களே, இப்போது கடினமான ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

யூதாவின் வீரர்கள் மாண்டதற்குக் காரணம் என்று நூலாசிரியர் ஒன்றைச் சொல்கிறார். உடல்களை எடுத்தபோது, ஒவ்வொருவர் உடுப்பின் அடியிலும் யாம்னியாச் சிலைகளின் தாயத்துகள் இருந்தன. எரித்த துறைமுகத்துத் தெய்வங்களின் தாயத்துகள். சட்டம் தடைசெய்த பொருள். யூதா என்ன செய்தார்? இவர்கள் பாவிகள், தொலையட்டும் என்று விட்டுவிடவில்லை. மாவீரர்கள், குறையே இல்லாதவர்கள் என்று பூசி மெழுகவும் இல்லை. தவறை எல்லோர் முன்னும் ஒத்துக்கொண்டு, அந்தப் பாவம் மன்னிக்கப்பட மண்டியிட்டார். நம் வீட்டுப் படைவீரர்களை நினைக்கும்போதும் இந்த நேர்மை வேண்டும். அவர்களில் சிலர் போரிலிருந்து பாரத்தோடு திரும்பி வந்தார்கள். தூக்கமில்லாமல் இருந்தவர்கள் உண்டு, குடியில் விழுந்தவர்கள் உண்டு, தன் கை எத்தனை உயிரை எடுத்ததோ என்று உள்ளுக்குள் வெந்தவர்கள் உண்டு. அந்தப் பாரத்தை நாமும் சேர்ந்து தூக்கி இந்தப் பீடத்தில் வைக்க வேண்டும். இறந்தோர்க்கான திருப்பலி அதற்குத்தான். சிலை திறப்பு விழாவில் அது நடக்காது.

நாட்டைக் காக்கப் படையில் பணிபுரிவோர், தங்கள் கடமையைச் சரியாகச் செய்தால் அமைதிக்கே தொண்டு செய்கிறார்கள் என்று வத்திக்கான் சங்கம் போதிக்கிறது. நகரங்களையும் மக்களையும் கண்மூடித்தனமாக அழிக்கும் போர்ச்செயலைக் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று அதே ஏட்டில் கண்டிக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். 1964 டிசம்பரில் திருத்தந்தை ஆறாம் பவுல் நற்கருணை மாநாட்டுக்குப் பம்பாய் வந்தபோது, ஆயுதங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று உலக நாடுகளைக் கெஞ்சினார். ஏழே ஆண்டுகளில் அதே பம்பாயிலிருந்துதான் குக்ரி புறப்பட்டுப் போனது.

யூதா மக்கபே தன் வீரர்களுக்காக மன்றாடினார். யோப்பாவிலும் யாம்னியாவிலும் தான் கொன்றவர்களுக்காக மன்றாடியதாக அந்த நூலில் இல்லை. அங்கிருந்து ஓர் அடி முன்னால் நம்மைக் கூட்டிப்போனவர் இயேசு. பகைவரை அன்பு செய்யுங்கள், துன்புறுத்துவோருக்காக வேண்டுங்கள் என்று மலைமேல் சொன்னார். சிலுவையில் தொங்கும்போது அதைச் செய்தும் காட்டினார். ஆகவே சொல்கிறேன்: குக்ரிக்காக வேண்டும் நாம் காஜிக்காகவும் வேண்ட வேண்டும். கைபரில் போனவர்களுக்காகவும் வேண்ட வேண்டும். இது தேசப்பற்றுக்குக் குறைவு என்று யாராவது நினைத்தால், நம் பெரியவரை எண்ணிப் பாருங்கள். நாட்டுக்காகக் கடலில் உயிரைப் பணயம் வைத்தவர் அவர். நம்மில் பலரைவிட அவருக்குத் தேசப்பற்றைப் பற்றிப் பேச உரிமை உண்டு. யார் பெயருக்குப் பூசை என்று கேட்டபோது, பெயரெல்லாம் ஆண்டவருக்குத் தெரியும் என்றாரே ஒழிய, அதில் கொடி பிரித்துச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இரண்டாம் உலகப் போரில் கடலில் இறந்து, கல்லறை இல்லாமல் போன இந்தியக் கடற்படையினர், வணிகக் கப்பல் மாலுமிகள் என 6,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஏடு ஒன்று மும்பையிலும், அதே பெயர்கள் கொண்ட இன்னொன்று வங்கதேசத்தின் சிட்டகாங்கிலும் இருக்கிறது. ஏடு எழுதப்பட்ட பிறகு எல்லைக் கோடுகள் எத்தனையோ மாறிவிட்டன. அந்தப் பெயர்களை யாரும் பிரிக்கவில்லை. உலகப் போர்களில் மாண்டவர்களின் பெயரைக் காக்கும் காமன்வெல்த் ஆணையம் செய்யும் இந்த வேலையைத் திருச்சபை மக்களாகிய நாம் இன்னும் மனமுவந்து செய்ய வேண்டியவர்கள்.

போரை மட்டும் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26, திருக்குடும்பப் பெருவிழா ஞாயிறு, வேளாங்கண்ணிக் கடற்கரையில் சுனாமி வாரிக்கொண்டு போனவர்களில் உள்நாட்டு ஊர்களிலிருந்து மாதாவைப் பார்க்கப் போனவர்கள் எத்தனை பேர். 2017 நவம்பர் கடைசியில் ஓகிப் புயலில் போன குமரி மாவட்ட மீனவர்களில் பலருடைய உடல் இன்றுவரை கரைக்கு வரவில்லை. அவர்களும் இந்த மாதத்து மன்றாட்டில் நம் சகோதரர்கள்.

கடைசியாக, உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

வீட்டில் படையில் இருந்த பெரியவர்கள் உயிரோடு இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்காருங்கள். தாத்தா, எந்தக் கப்பல், என்ன வேலை, கூட யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். வீரக் கதை சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் வாய் திறக்கமாட்டார்கள். அவர்கள் பேசத் தொடங்கினால் இடையில் எழுந்து போகாதீர்கள். அழுதால் அழட்டும். சொல்ல மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், அவர்களோடு சேர்ந்து ஒரு செபமாலை சொல்லுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பும் முதியவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், எந்த நேரமானாலும் வீட்டுக்கு வருகிறேன்.

இறந்துபோனவர்களின் விவரம் தேடுகிறவர்கள் பழைய பணிச்சான்று, ஓய்வூதிய ஆணை ஆகியவற்றைப் பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் இருக்கும் பணி எண் முக்கியம். திருச்சியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. கடற்படை மாலுமிகளின் பணி ஆவணங்களைப் பராமரிக்கும் பணியகம் மும்பையில் இருக்கிறது. எழுதிக் கேட்கத் தெரியாவிட்டால் பங்கு இல்லத்துக்கு வாருங்கள், இளையோர் இயக்கத்துப் பிள்ளைகள் விண்ணப்பம் எழுதித் தருவார்கள். அவர்களிடம் ஏற்கனவே பேசிவிட்டேன்.

படையில் சேர ஓடிப் பயிற்சி எடுக்கும் தம்பிமார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒடிசாவில் இருக்கும் சில்கா பயிற்சித் தளத்துக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் உங்களில் உண்டு என்று எனக்குத் தெரியும். தைரியமாகப் போங்கள், உங்களுக்காகத் திருச்சபை வேண்டும். போகுமுன் நன்மை வாங்கிவிட்டுப் போங்கள். கப்பலில் பக்கத்துக் கட்டிலில் படுப்பவனின் பெயரையும் ஊரையும் அவன் தாயின் பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற டிசம்பர் 9ஆம் தேதி மாலை 6 மணித் திருப்பலி, கடலில் இறந்த எல்லோருக்காகவும் ஒப்புக்கொடுக்கப்படும். பெரியவர் கேட்டுவந்த பூசையை இனிமேல் பங்கே எடுத்துக்கொள்கிறது. அதற்குக் காணிக்கை வேண்டாம். உங்கள் உறவினர், தெரிந்தவர், அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் குடும்பங்களில் கடலில் போனவர்கள் என யாருடைய பெயராக இருந்தாலும், டிசம்பர் முதல் ஞாயிறு பூசை முடிவதற்குள் உபதேசியாரிடம் எழுதிக் கொடுங்கள். பெயர் தெரியாவிட்டால் கப்பலின் பெயரோ ஊரின் பெயரோ போதும். அன்று பீடத்தில் அத்தனையும் வாசிக்கப்படும்.